பழைய மடிக்கணினிக்குப் புது நினைவு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, கட்டுமாவடி)

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே, அப்போது பிளஸ் டூ படித்துக் கொண்டிருந்த என் சித்திக்குக் கிடைத்தது அது. சித்திக்கு மணமாகி மணமேல்குடிக்குப் போன பிறகு அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா எங்கள் தெரு மகளிர் குழுவின் செயலாளர். மீன் விற்கும் பெண்கள் பதினாறு பேர் வாங்கிய கடனும், கட்டிய தவணையும், சேமிப்பும், வட்டியும் அந்தப் பெட்டிக்குள் தான் இருக்கின்றன.

சென்ற கோடை விடுமுறையில், அதாவது 2025 மே மாதத்தில், அது ஏறத்தாழப் படுத்தே விட்டது. பொத்தானை அழுத்திவிட்டு உலையில் அரிசி போட்டால், சோறு பாதி வெந்த பிறகு தான் திரை விழிக்கும். அறந்தாங்கியில் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் மூடியைக் கூடத் திறந்து பார்க்கவில்லை. “இதைப் பழைய சாமான்காரரிடம் போடுங்கள் அம்மா, புதிதாக ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். புதியது என்றால் முப்பதாயிரத்துக்கு மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் வேலை பார்க்கும் அப்பா அந்நாட்களில் வலை பின்னிக் கொண்டு வீட்டில் தான் இருப்பார். முப்பதாயிரத்துக்கு எங்கே போவது? அந்த வேளையில் எங்களுக்குக் கை கொடுத்தவர் பாலிடெக்னிக்கில் படித்த என் மாமா. அவரோடு சேர்ந்து அந்த விடுமுறையில் நான் கற்றதை என் தோழியருக்கு இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று தூங்கிக் கொண்டிருக்கலாம் அல்லவா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். ‘மெமரி’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறோம். ஒன்று நினைவகம்; கடைகளில் ‘ரேம்’ என்பார்கள். மற்றொன்று சேமிப்பகம்; அது பழைய கணினிகளில் ‘ஹார்டு டிஸ்க்’ என்னும் வன்தட்டு. இவ்விரண்டின் வேறுபாட்டை மாமா எனக்கு விளக்கியது கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் வைத்து. “ஏலம் போடும் தளத்தைப் பார், பாப்பா. தளத்தில் கொட்டிய மீனை மட்டும் தான் ஏலக்காரர் விலை கூற முடியும். ஐஸ் அறைக்குள் ஆயிரம் கிலோ இருக்கட்டும், வெளியே வந்து தளத்தில் விழுந்தால் தான் அதற்கு ஏலம்” என்றார். ஏலக்காரர் தாம் கணினியின் செயலி. தளம் நினைவகம். ஐஸ் அறை சேமிப்பகம். மார்க்கெட் முடிந்ததும் தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி விடுவது போல, மின்சாரத்தை நிறுத்தியதும் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். ஐஸ் அறையில் இருப்பது அப்படியே இருக்கும்.

தளம் சிறிதாக இருந்தால் என்ன ஆகும்? புதிய கூடை வரும் போது, தளத்தில் கிடக்கும் ஒரு கூடையை ஐஸ் அறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் முறை வரும் போது மீண்டும் சுமந்து வர வேண்டும். கணினியும் இதையே செய்கிறது. நினைவகம் போதாத போது வன்தட்டின் ஒரு பகுதியையே நினைவகம் போலப் பயன்படுத்திக் கொள்கிறது. இந்த உத்தி புதியதன்று. 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய ‘அட்லஸ்’ என்ற கணினியிலேயே இருந்தது. நல்ல உத்தி தான். ஆனால் சுமக்கிற ஆள் மெதுவாக நடந்தால் ஏலக்காரர் வாயை மூடிக் கொண்டு நிற்க வேண்டியது தான்.

எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதை நம் கணக்குப் பாடத்தைக் கொண்டே பார்க்கலாம். மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அப்படியானால் விநாடிக்கு 90 சுற்று. தேவையான தகவல் படிக்கும் முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்; அதற்கே ஏறத்தாழ 5.5 மில்லி விநாடி ஆகிறது. முனை உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒரு தகவலை எடுக்க நூறில் ஒரு விநாடியோ சற்று அதிகமோ பிடிக்கும். நினைவகமோ ஒரு கோடியில் ஒரு பங்கு விநாடியில் எடுத்துத் தந்துவிடும். அதாவது இலட்சம் மடங்கு வேறுபாடு! நினைவகத்திலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக் கொண்டால், அதே அளவையில் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு நாளும் மூன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இதை நான் இரண்டு முறை வகுத்துப் பார்த்த பிறகு தான் நம்பினேன்.

வன்தட்டுக்கு மாற்றாக இப்போது வருவது ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். இதில் சுற்றும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை. நம் பென் டிரைவில் இருப்பது போன்ற சில்லுகளே உள்ளே இருக்கின்றன. நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதே அதன் தத்துவம். இதைக் கண்டறிந்தவர் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி புஜியோ மசுவோகா. 1980-களில் அவர் இதனை வெளியிட்டார். இதிலிருந்து ஒரு தகவலை எடுக்கப் பத்தாயிரத்தில் ஒரு விநாடி போதும். மேலே சொன்ன அதே அளவையில் ஒரு நாளுக்கு மேல் ஆன வேலை சுமார் பதினேழு நிமிடமாகக் குறைகிறது. நினைவகத்துக்கு ஈடாகாது தான், ஆனாலும் எத்தனை பெரிய மாற்றம்! 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தான் கொண்டன. கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படம் அதற்குள் அடங்குவதே கடினம்.

நிற்க. எங்கள் பெட்டியின் கதைக்கு வருகிறேன். அதில் இருந்தது 2 ஜிகாபைட் நினைவகம், 320 ஜிகாபைட் வன்தட்டு. நோய் எங்கே என்று பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. ஆகவே முதலில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்து பார்த்தோம். கணக்குத் தாளையும் இணைய உலாவியையும் மட்டும் திறந்ததற்கே நினைவகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிரம்பி விட்டது. வன்தட்டு வேலை செய்யும் போது மினுக்கும் சிறு விளக்கு அணையவே இல்லை. அது மட்டுமன்று, காதை வைத்துக் கேட்டால் ‘டிக், டிக்’ என்று பல்லி கத்துவது போன்ற ஓசை. அதைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. “அக்கா, குழுக் கணக்குக்கு வேறு பிரதி இருக்கிறதா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

இல்லை. நான்கு ஆண்டுக் கணக்கும் அந்த ஒரே தட்டில். கையால் எழுதிய நோட்டு இருந்தது, ஆனால் ஒவ்வொருவருக்கும் வட்டி போட்டு மீதி காட்டிய தாள்கள் எல்லாம் கணினியில் மட்டுமே. அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கணினியின் மூடியைத் துடைத்துக் கொண்டே இருந்தார்கள். பதினாறு வீட்டுப் பணம் அது.

ஆகவே வேகத்தை மறந்துவிட்டு, முதல் வேலையாகப் பிரதி எடுக்கத் தொடங்கினோம். ஓசை எழுப்பும் வன்தட்டை அடிக்கடி அணைத்து இயக்கக் கூடாது. தேவையான கோப்புகளை முதலில் எடுத்துவிட வேண்டும், படங்களும் பாட்டுகளும் பிறகு. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது விடியற்காலை வரை ஓடியது. இடையில் இரண்டு கோப்புகளில் வந்து நின்றுவிட்டது. எத்தனை முறை முயன்றும் அவை வரவில்லை. மூன்று மாதக் கணக்கு போயிற்று. அதை நோட்டைப் பார்த்து நானும் அம்மாவும் மறுபடி ஏற்றினோம். நான் வாசிக்க அம்மா தட்டச்சு செய்ய, இரண்டு பிற்பகல் ஆயிற்று. வன்தட்டு எத்தனை நல்லதாயினும், எஸ்.எஸ்.டி. எத்தனை புதிதாயினும், பிரதி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் இன்னொரு சங்கடமும் உண்டு: வன்தட்டாவது ‘டிக், டிக்’ என்று எச்சரிக்கும், இது பெரும்பாலும் சத்தமின்றியே செத்துப் போகும்.

பிறகு பொருள் வாங்கினோம். நினைவகப் பலகையில் தலைமுறைகள் உண்டு: டி.டி.ஆர். 2, 3, 4, 5 என்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மடிக்கணினியின் மூன்றாம் தலைமுறைப் பலகையில் 204 தொடுமுனைகள், நான்காவதில் 260. நடுவே உள்ள வெட்டுப் பள்ளமும் இடம் மாறியிருக்கும். ஆகவே தவறானதை அழுத்திச் செருக முயன்றால் உடைவது தான் மிச்சம். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. காலியாக ஓர் இடமும் இருந்தது. அதற்கு ஏற்ற 4 ஜிகாபைட் பழைய பலகை ஒன்றை 700 ரூபாய்க்கும், 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை 1,700 ரூபாய்க்கும் வாங்கினோம். ஆக மொத்தம் 2,400 ரூபாய். (2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காகச் சில்லுகளை வாரிக் கொண்டு போனதால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. நாங்கள் தப்பித்தோம்.)

மூடியைத் திறக்கும் முன் மின்கம்பியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்; உள்ளே தங்கிய மின்னூட்டம் வெளியேறும். பின்னர் நம் உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்க, தரையோடு இணைந்த ஓர் உலோகத்தைத் தொட வேண்டும். நம் விரலில் ‘சுரீர்’ என்று உணரும் அளவுக்குப் பொறி பறக்க வேண்டுமானால் மூவாயிரம் வோல்ட் அளவு தேவை. சில்லோ அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே கெட்டுவிடும். நாம் உணராமலேயே கெடுத்துவிடலாம் என்பது இதன் பொருள்.

உள்ளே பார்த்த போது தான் எங்கள் ஊரின் கைவரிசை தெரிந்தது. திருகாணிகளில் துரு. தொடுமுனைகளில் மங்கல். கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வருவதால், கடற்கரை ஊர்களில் மின்சாதனங்கள் விரைவில் கெடுகின்றன. வீட்டுக் கம்பி வேலியையே தின்னும் காற்று கணினியை விட்டுவிடுமா? மாமா பழைய பலகையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்தார். (ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இன்னும் நல்லது.) புதிய பலகையைச் செருகும் பணி எனக்கு. சாய்வாக வைத்து உள்ளே தள்ளி, பின் கீழே அமிழ்த்தினால் இரு பக்கத்துப் பிடிகளும் ‘டக்’ என்று பிடித்துக் கொள்ளும். எனக்கு ஒரு பக்கம் தான் ‘டக்’ என்றது. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அப்படியே விட்டுவிட்டேன். இயக்கினோம். ‘பீப், பீப், பீப்’, திரை கறுப்பு. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். நான் அழாத குறை. மாமா சிரித்துக் கொண்டே கட்டைவிரலால் மறுபக்கத்தையும் அழுத்தினார். பெட்டி உயிர் பெற்றது.

உயிர் பெற்றதே தவிர வேகம் பெறவில்லை! நினைவகம் 6 ஜிகாபைட் என்று காட்டிவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக் குறிக்குள் ‘பயன்படக் கூடியது 2 ஜிகாபைட்’ என்று போட்டிருந்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே நாங்கள் முடிவு கட்டினோம். கைப்பேசியில் எங்கள் கணினி ஆசிரியை சிஸ்டரிடம் கேட்ட போது, அவர் கேட்ட முதல் கேள்வி, “அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது, பிள்ளை?” என்பது தான்.

அங்கே தான் இருந்தது முடிச்சு. அதில் இருந்தது ‘விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்’. விலை குறைந்த சிறு கணினிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பதிப்பு அது. எவ்வளவு நினைவகம் மாட்டினாலும் 2 ஜிகாபைட்டுக்கு மேல் அது தொடாது. முகப்புத் திரையின் படத்தைக் கூட அதில் மாற்ற முடியாது. சித்தி அந்தக் காலத்தில் எத்தனை முயன்றும் முடியாமல், தனக்குத் தான் தெரியவில்லை என்று நினைத்துக் கொண்டிருந்தாராம். ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாகும். 32 பிட் முகவரி என்றால் 2-இன் 32-ஆம் அடுக்கு. 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் முகவரிகள். அதாவது 4 ஜிகாபைட். அது கணிதம் வகுத்த எல்லை. ஆனால் இந்த 2 ஜிகாபைட் என்பது கணிதம் வகுத்ததன்று, விற்பனையாளர் வகுத்தது. ஏழைப் பிள்ளைகளின் கைக்குப் போகும் பெட்டிக்கு இப்படி ஒரு பூட்டு போட வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. இன்றும் முழுதாக ஆறவில்லை.

அத்துடன் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. பிறர் பணக் கணக்கு உள்ள கணினியில் அதை வைத்து இணையத்துக்குப் போவது சரியன்று. எனவே சிஸ்டரின் ஆலோசனைப்படி, புதிய எஸ்.எஸ்.டி.யில் ‘பாஸ்’ என்ற இயங்குதளத்தின் 64 பிட் பதிப்பை ஏற்றினோம். லினக்ஸ் வகையைச் சேர்ந்த இதனை மைய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் முதன்முதலாக வெளியிட்டது. விலையில்லை, தமிழிலும் இயங்கும். வேடிக்கை என்னவென்றால், அரசு தந்த பழைய மடிக்கணினிகளில் ஸ்டார்ட்டரோடு சேர்த்து இதையும் வைத்துத் தான் கொடுத்திருந்தார்கள். நாங்கள் தாம் ஒரு நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

எஸ்.எஸ்.டி. மாட்டுவது நினைவகத்தை விட எளிது. இரண்டரை அங்குல வன்தட்டின் அதே உருவம், அதே ‘சாட்டா’ இணைப்பு. நான்கு திருகாணிகளைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தோம். புதியதன் தடிமன் 7 மில்லி மீட்டர், பழையது 9.5. ஆடாமலிருக்க ஒரு துண்டு அட்டை வைத்தோம், அவ்வளவே.

கணக்குத் தாளைத் திறந்ததும் இன்னோர் அதிர்ச்சி. எண்கள் சரியாக இருந்தன. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உளறிக் கிடந்தன. அம்மா ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்கள். அது யுனிகோடு அன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழாகத் தெரியாது. எழுத்துருவை நிறுவியதும் பதினாறு பேரும் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். அம்மா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தார்கள்.

முன்பு இயக்கியது முதல் வேலைக்கு ஆயத்தமாக 6 நிமிடம் 40 விநாடி ஆனது. இப்போது 38 விநாடி. கணக்குத் தாள் திறக்க 50 விநாடி ஆனது; இப்போது 5. இதை நான் என் கைக்கடிகாரத்தில் மூன்று நாள் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். செயலி அதே பழைய செயலி தான். தெளிவு மிகுந்த காணொளி இன்னும் திக்கித் திக்கி ஓடுகிறது. மின்கலம் செத்தது செத்தது தான். கம்பியை மாட்டியே வேலை. ‘ப’ எழுத்து வரும் விசையை இரு முறை தட்ட வேண்டும்.

பிற்காலத்தில், 2017 முதல் 2019 வரை, கிடைத்த மடிக்கணினி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றுக்கு இந்த வைத்தியம் எங்களுடையதை விட நன்றாகவே பலிக்கும். எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும் மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். இரண்டில் ஒன்றுக்குத் தான் கையில் பணம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள் என்பது என் கட்சி. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் புதிய வகைச் செயலியும் ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. நினைவகத்தைக் கூட்டுவதால் அந்தக் குறை தீராது. மேலும், இப்போது வரும் மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கும் போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. அதற்குக் கேட்கப்பட்ட மடிக்கணினியில் 8 ஜிகாபைட் நினைவகம், 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. சித்தி பெற்றதை விட நினைவகம் நான்கு மடங்கு. சேமிப்பகத்தின் அளவோ குறைவு. இந்தக் கட்டுரையைப் பொறுமையாக வாசித்தவர்களுக்கு அது ஏன் நட்டமன்று என்பது புரியும்.

பழைய வன்தட்டை அம்மா பழைய சாமான்காரரிடம் போட விடவில்லை. குழுவின் கணக்கு அதில் இன்னும் எழுதப்பட்டே இருக்கிறது அல்லவா? நட்சத்திர வடிவத் திருகியை இரவல் வாங்கி நானும் மாமாவும் அதன் மூடியைத் திறந்தோம். உள்ளே கண்ணாடி போல் முகம் தெரியும் ஒரு வட்டத் தட்டு. அதன் மேல் கொக்கின் கழுத்துப் போல் நீண்ட ஒரு முனை. விளிம்பருகே மயிரிழை போன்ற ஒரு கீறல். தொலைந்து போன அந்த மூன்று மாதம் அங்கே தான் இருந்திருக்குமோ என்று அம்மா கேட்டார்கள். இவ்வாண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மேசையில் அதை வைக்கிறேன். கையால் தட்டைத் தொட வேண்டாம். முகம் மட்டும் பார்த்துக் கொள்ளலாம்.